புகைபோக்கியைப் பேணுவோம்

ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில் நம் முன்னோர் ரப்பர் விறகைக் கொண்டே சமைத்தனர். எரிவாயு அடுப்பு பரவிவிட்ட இந்நாளிலும், தீபாவளிப் பலகாரத்திற்கும் பொங்கலுக்கும் விறகடுப்பு மூட்டுவோர் நம்மிடையே உளர்.

விறகு முழுமையாக எரியாதபோது எழும் புகை, புகைபோக்கியின் உட்புறத்தில் கரியாகவும் பிசினாகவும் படிகின்றது. ஈர விறகில் இப்படிவு மிகுதி. இக்கரியும் எரிபொருளே. தீப்பொறி பட்டால் புகைபோக்கியே பற்றி எரியும். ஒரே கூரையின்கீழ் அமைந்த லயத்தில் ஒரு வீட்டுத் தீ பல குடும்பங்களைத் தாக்கும். புகைபோக்கி அடைபட்டாலோ, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வீட்டினுள் தேங்கி உயிரைப் பறிக்கும்.

ஆதலின், பிளந்து நன்கு உலர்த்திய விறகையே எரிப்போம். அடுப்பு ஆறியபின் கரியைச் சுரண்டி அகற்றுவோம். போகியன்று மட்டுமன்றி, கரி படியுந்தோறும் இதனைச் செய்வோம். சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அதனை மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இட்டு, வீட்டிற்கு வெளியே வைப்போம்.

தீப்பிடித்தால் முதலில் அனைவரும் வெளியேறி, 999 என்னும் எண்ணில் தீயணைப்புப் படையினரை அழைப்போம். மாணவர்களே, அவ்வெண்ணோடு உங்கள் வீட்டு முகவரியையும் இன்றே மனனம் செய்துகொள்ளுங்கள்.