காய்ச்சினாலும் நீங்காத தோஷம்

கேள்வி: தர்மபுரிப் பக்கம் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: போதாது. காய்ச்சுவதால் கிருமிகள் நாசமாகுமேயன்றி, பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலந்த ஃப்ளோரைடு ஆவியாகிப் போய்விடாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு அதிகரிக்கவே செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரை நெடுங்காலம் பருகுவோருக்கு, பால்யத்தில் பற்களில் கறையும், மிகுதியாயின் பின்னாளில் எலும்புகளில் விறைப்பும் நேரக்கூடும். நேர்ந்தபின் அவற்றை முற்றிலும் போக்கும் ஔஷதம் இல்லையாதலால், வருமுன் காப்பதே விவேகம். ஆகவே, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைப் பரிசோதிப்பித்து, அளவு மிகுந்திருப்பின் அதைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ, சுத்தமாகச் சேமித்த மழைநீரையோ உபயோகிப்பதே, விசேஷமாகக் குழந்தைகள் உள்ள இல்லங்களில், உசிதமாகும்.