வீராவுக்கு டர்போ ஏற்றப்போகும் தம்பிக்கு



அப்பாவின் வீராவுக்கு ஜப்பான் டர்போ எஞ்சின் ஏற்றப்போவதாக எழுதியிருந்தாய். எந்த ஹாஃப்கட் கடை நல்லது, எத்தனை வெள்ளி ஆகும் என்று இரண்டு கேள்வி. அவை இருக்கட்டும். உன்னோடு கூட நிற்கப்போவது யார்? கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

எஞ்சின் மாற்றும் இந்தப் பைத்தியம் நம் பக்கத்துக்கு வந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1985-இல் வந்த சாகாவும் 1993-இல் வந்த வீராவும் பெயருக்குத்தான் புரோட்டோன். அடியில் மிட்சுபிஷி லான்சர். ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்றாம் வருடம் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவுக்குப் பயந்தே நன்றாக ஓடும் காடியைத் தள்ளிவிடுவார்கள். அதை முழுதாக மலேசியாவுக்குக் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். முன்பாதியை மட்டும் அறுத்துக் கொண்டுவந்தால் அது உதிரிச் சாமான்; அதுதான் ஹாஃப்கட். எஞ்சின், கியர்பாக்ஸ், வயர், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே துண்டாக வந்து இறங்கும். தோட்டத்துப் பையன்களுக்குப் புது லான்சர் இவோ வாங்க வக்கில்லை. ஆனால் அந்தத் துண்டைத் தூக்கி இறக்க நாலு பேர் இருந்தார்கள்.

கூட நிற்பவர் ஏன் முக்கியம் என்பதற்குக் கரம்ஜித் சிங்கை எடுத்துக்கொள். 2002-இல் உற்பத்திக் கார் பிரிவில் உலக ரேலிப் பட்டம் வென்றவர். ஓட்டியது புரோட்டோன் பெர்ட். அதுவும் உள்ளுக்குள் லான்சர் இவோதான். பக்கத்து இருக்கையில் ஆலன் ஓ. அவர் குறிப்பைப் படித்துச் சொல்லாவிட்டால், மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கரம்ஜித்துக்கே தெரியாது. ஓட்டியவரைக் கொண்டாடுகிற அளவுக்கு நாம் படித்தவரைக் கொண்டாடுவதில்லை.

உன் கொட்டகைக்கும் அப்படி ஒருவன் வேண்டும். நீ ஏற்றப்போகும் 4ஜி93 டர்போவுக்கு டைமிங் பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்பாதே. கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. கேம்ஷாஃப்ட் இரண்டும் ஒரு சுற்று வந்து, குறிகள் எல்லாம் பழையபடி நேர்நிற்க வேண்டும். பல் தவறி மாட்டியிருந்து வால்வு பிஸ்டனில் முட்டினால், கையால் சுற்றும்போது தடுக்கும். சாவியால் சுற்றினால் வால்வு வளையும். நீ சுற்று, டார்ச் அடித்துக் குறியைப் பார்க்கிறவன் இன்னொருவனாக இருக்கட்டும். பெல்ட் மாட்டியவன் கண்ணுக்கு எல்லாக் குறியும் நேராகத்தான் தெரியும். நள்ளிரவு ஒரு மணிக்கு, எல்லோரும் எஞ்சின் சத்தம் கேட்கத் துடிக்கிற நேரத்தில், “ஒரு பல் தள்ளியிருக்கு மச்சா, கழற்று” என்று சொல்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள். கோபம் வரும். கழற்று.

ஹாஃப்கட் கடைக்கும் அவனையே கூட்டிப் போ. கம்ப்ரெஷன் கேஜ் எடுத்துக்கொள். பிளக் நான்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்துவைத்து அளந்து பார். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடு. எஞ்சின் வாங்கும்போதே அந்த முன்பாதியோடு வந்த பிரேக்கையும் சேர்த்துக் கேள். உன் 1.5 வீரா சுமார் 90 குதிரைத்திறனுக்குச் செய்தது, பின்னால் டிரம் பிரேக். இந்த டர்போ எஞ்சின் அதற்கு இரட்டிப்பு.

ரசீதையும் சுங்கத் தாளையும் கடையிலேயே வாங்கிவிடு. எஞ்சின் எண் வண்டியின் பதிவுத் தாளான கிராண்டில் மாற வேண்டும். புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜே பதிவு இரண்டையும் நேராகப் போய் முடி. சோதனை நாளுக்கு மட்டும் பழைய எக்ஸாஸ்ட்டை இரவல் தருகிற சிநேகிதர்கள் வருவார்கள். அதை நான் சிநேகிதத்தில் சேர்ப்பதில்லை.

மற்றபடி, ஆட்கள் கிடைப்பார்கள். கஞ்சிலுக்கு மீரா டர்போ ஏற்றிய மலாய் நண்பர், சிவிக் தவிர வேறெதையும் காடி என்று ஒப்புக்கொள்ளாத சீன நண்பர், எல்லோருக்கும் நீ மச்சாதான். கை உதவிக்குக் காசு வேண்டாம் என்பார்கள். மாமாக் கடைக் கணக்கை நீ கொடு. ஆனால் தொழிலாகச் செய்கிற ஃபோர்மனிடம் ஓசி கேட்காதே, அது அவர் வீட்டு அரிசி. இரவல் வாங்கிய டார்க் ரென்ச்சைத் துடைத்து, அளவைக் கீழே இறக்கிவைத்துத் திருப்பிக் கொடு. உனக்குக் கெட்டுப்போனதையும் வெளியே சொல். ஓடியதை மட்டும் காட்டினால் அடுத்தவன் எப்படிக் கற்பான்?

வண்டி ஓடத் தொடங்கினால் பந்திங்–கிள்ளான் சாலையில் ராத்திரி காட்டிப் பார்க்கத் தோன்றும். செம்பனைக் குலை லாரி எந்தச் சந்திலிருந்து திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? செப்பாங் உனக்குப் பக்கத்து மாவட்டம். 1999-இல் திறந்த, 5.543 கிலோமீட்டர் ஓடுதளம் வாசலில் கிடக்கிறது. நாலு பேர் சேர்ந்து டிராக் நாளுக்குப் பணம் கட்டுங்கள், நானும் வருகிறேன். போகுமுன் பிரேக் எண்ணெயை மாற்றிவிடு. பழைய எண்ணெய் ஈரத்தை இழுத்திருக்கும்; பின் நேர்ப்பாதை முடிந்து கடைசி வளைவுக்கு மிதிக்கும்போது அது கொதித்தால், பெடல் தரைக்குப் போய்விடும்.

அன்புடன்,
கிள்ளான் அண்ணன்