உழவாரம் ஏந்திய முதுமை

தைத் திங்கள் பிறந்தால் செட்டிநாட்டு ஊர்களில் ஒரு வருத்தம் எழுவதுண்டு. குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பல்லாண்டு நடந்து சென்ற பெரியவர், முழங்கால் இடங்கொடாமையால் கல்லலில் தம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துவிடுகிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழ்கின்றனர். வளவு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இனித் தம்மால் ஆவது யாது என்பதே அவர் வினா. திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றைப் பயில்வோர்க்கு இதற்கு விடை கிடைக்கும்.

நாயனார் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. சமண சமயம் புகுந்து நெடுநாள் கழித்தபின், தமக்கையார் திலகவதியாரின் தவப்பயனால் சைவத்திற்கு மீண்டவர் அவர். சிவத்தொண்டினை அவர் தொடங்கியதே காலம் தாழ்ந்துதான்.

முதுமையில் கயிலை காண விழைந்து தனியே வடதிசை சென்றார். அப்பயணத்தைச் சேக்கிழார் பெருமான் விரிக்கும் இடம் கல்நெஞ்சையும் கரைக்கும். நடந்த பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேயவே மார்பினால் உந்தினார். அதுவும் நைந்தபோது புரண்டு சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர்க்குக் கயிலை எய்தற்கரிது, மீள்க என்றான். அழியும் உடம்பைப் பேணித் திரும்புதற்கு நாயனார் இசைந்தாரில்லை. அங்குள்ள பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணிக்க, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எதிர்ப்பட்ட விலங்கும் பறவையும் துணையோடு வர, அவற்றைச் சத்தியும் சிவமுமாகக் கண்டார். கயிலைக் காட்சி சோழநாட்டிலேயே அவருக்குக் கிட்டியது.

அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாண்டிநாடு போந்து மதுரையையும் இராமேச்சுரத்தையும் வழிபட்டார். நம் பகுதியிலுள்ள திருப்புத்தூரும் அவர் திருத்தாண்டகம் பெற்ற தலமே.

நிறைவாகத் தங்கிய தலம் திருப்புகலூர். அங்கே திருமுற்றத்தில் உழவாரத்தால் புல் செதுக்கும்போது, பருக்கைக் கற்களிடையே பொன்னும் நவமணியும் கிடந்தன. கற்களோடு கற்களாக அவற்றையும் ஏந்தி, அருகிருந்த குளத்தில் எறிந்தார். பொன்னை வெறுத்தமையையே பலரும் போற்றுவர். அத்தனை முதிர்ந்த வயதிலும் நாள்தோறும் குனிந்து புல் செதுக்கினாரே, அதுவன்றோ பெருவியப்பு! கயிலைக்கு நடக்க இயலாத உடம்பு அப்பணிக்குப் போதுமானதாயிற்று. அங்கேயே இறைவன் திருவடி சேர்ந்தார்.

குனியவும் இயலாதார் இருக்கலாம். அவர்கள் அமர்ந்தபடியே விளக்குத் துலக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரம் ஓதக் கற்பிக்கலாம். சித்திரைச் சதயத்தன்று சிவாலயங்களில் நாயனாரின் குருபூசை நிகழும். அதற்கு வேண்டும் மாலையைத் திண்ணையிலிருந்தே தொடுத்துவிடலாம்.