விரல் படிக்கும் வினாத்தாள்

நம் மாலை வகுப்பில் பிரெயில் படிக்கும் மாணவர் ஒருவருக்குக் கணக்குத் தேர்வு வைத்தோம். வினாக்களை வாசித்துக் காட்டினோம். அட்டவணைக் கணக்கில் தவறினார். அதையே பிரெயிலில் கொடுத்தோம், சரியாகச் செய்தார். முதலில் நாம் சோதித்தது கணக்கை அல்ல, ஞாபக சக்தியை.

தேர்வு வைப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. கண் பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும்; விரல் எழுத்தெழுத்தாக நகரும். எனவே அகலமான அட்டவணையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தர வேண்டும்.

2. படம் உள்ள வினாவை நீக்கிவிடக் கூடாது. கோடுகளை மேடாக்கித் தரலாம். இயலாவிடில் அதே அறிவைச் சோதிக்கும் வேறு வினா கேட்கலாம்.

3. மத்திய அரசின் 2018 நெறிமுறை 3 மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தந்தது. கூடுதல் நேரம் சலுகையல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 17, அதைக் குறிப்பிட்டே சொல்கிறது.

வினாக்களை எளிதாக்கச் சொல்லவில்லை; வழியில் கிடக்கும் தடையை அகற்றவே சொல்கிறோம். மேனாம்பேட்டுப் பெற்றோர் பூவிருந்தவல்லி அரசு பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்கலாம். பிள்ளையின் அறிவைச் சரியாக அளப்பது நம்மீதுள்ள அமானிதம்.