படியும் கிலோவும்



விருந்தினர் வந்த ஒரு நாளில் கப்பலூரில் எம் இல்லத்து அடுக்களையில் ஒரு பிழை நேர்ந்தது. கஞ்சி வடிக்காமல் பொங்கும் சோற்றுக்கு, ஒரு படி அரிசிக்கு மூன்று படி நீர் என்பது என் அன்னையார் கற்பித்த கணக்கு. நானோ 1 கிலோ அரிசிக்கு 3 லிட்டர் நீர் வார்த்தேன். சோறு விதை விதையாய் நின்றது.

காரணம் யாது? படி என்பது கொள்ளளவு. கிலோ என்பது எடை. 1 கிலோ அரிசி ஏறத்தாழ 1.2 லிட்டர் இடங்கொள்ளும். அதன் மும்மடங்கு நீர் 3.6 லிட்டராகும். 600 மில்லி லிட்டர் குறைந்துவிட்டது.

முன்னாளில் அரிசியையும் எண்ணெயையும் முகந்தே அளந்தனர்.

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 படி

ஆயினும் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தையடுத்துக் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தன. பாட்டிமார் சொன்ன பக்குவங்களோ படியிலேயே நின்றன. ஆகவே, நம் வீட்டுப் படியின் அளவை நாமே கண்டறிதல் வேண்டும்.

செய்முறை:

1. வெறும் படியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க.
2. நீர் நிரப்பி நிறுக்க. கூடிய கிராமே படியின் மில்லி லிட்டர் அளவாகும்.
3. ஈரம் துடைத்து, அரிசியைத் தலைதட்டி நிரப்பி நிறுக்க. பருப்பு, மாவு, வெல்லத்தூள் ஆகியவற்றையும் தனித்தனியே நிறுத்துக் குறிக்க.

ஒன்றன் கணக்கை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது. 1 லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராமே. மாவு அதனினும் இலேசானது. அழுத்தி நிரப்பினால் எடை கூடிவிடும்.

பயிற்சி: ஒரு படி 1,200 கிராம் அரிசி கொள்ளுமாயின், 3 கிலோ அரிசி எத்தனை படி? (விடை: இரண்டரை.)

கண்டறிந்த அளவுகளை அட்டவணையாக எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நம் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் அது பயன்படும்.