"ஒரு ஈத்தாவது போடட்டும்" என்பவர்களுக்கு

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்." பெட்டை நாய் வளர்க்கும் வீடுகளில் நான் அதிகம் கேட்ட பேச்சு இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு ஈத்தால் அதன் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் மடியில் புற்றுக்கட்டி வருவது மிக அரிது. ஒவ்வொரு பருவமும் கடக்கக் கடக்க அந்தப் பாதுகாப்பு குறைகிறது.

என்னை அதிகம் பயமுறுத்துவது கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது. டாக்டர்கள் பயோமெட்ரா என்பார்கள். என் தங்கை வீட்டு லாப்ரடாருக்கு நடுவயதில் வந்தது. பருவம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்த கையோடு இரவிலேயே ஆபரேஷன். பிழைத்தாள். சின்ன வயதில் நிதானமாக எடுத்திருக்கக்கூடிய அதே கர்ப்பப்பையை, காய்ச்சலில் துவண்டு கிடந்த உடம்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

பூனைக்கு அவகாசம் இன்னும் குறைவு. நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினை இரண்டு மாதம்தான். பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். அதனால் குட்டியாக இருக்கும்போதே டாக்டரிடம் நாள் கேட்டுவிடுங்கள். பெரிய இன நாய்களுக்கு மட்டும் வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொல்வதுண்டு.

எங்கள் கடுவன் ஆபரேஷனுக்குப் பிறகு சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதை விட்டான். கடிபட்டுச் சீழ்க்கட்டியோடு திரும்புவதும் நின்றது. ஒன்று கவனியுங்கள்: ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரங்களுக்கு ஆணால் சினை பிடிக்கவைக்க முடியும். கருத்தடை ஆகாத பெட்டை வீட்டில் இருந்தால் அதுவரை தனியே வையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடமே கேளுங்கள். குட்டிகளை வெகுநேரம் பட்டினி போடக்கூடாது. முதல் இரவு மயக்கம் தெளியாமல் தள்ளாடும், கட்டிலில் ஏற்றாமல் தரையில் படுக்கவையுங்கள். கழுத்துக் காலரைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள், நக்கியே தையலைப் பிரித்துவிடும். காயம் ஆறும்வரை குளிப்பாட்டவும் வேண்டாம். பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும். எடை ஏறும்வரை காத்திராமல் அளவைக் குறையுங்கள்.

தெருவில் நீங்கள் சோறு வைக்கும் பெட்டை நாயின் காதையும் பாருங்கள். சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது. இல்லையென்றால் உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள். ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன விலங்குகளின் பிறப்புக் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகள்.