தென்னையின் ஆண்பூவும் பெண்பூவும்

நன்கு காய்க்கும் மூட்டிலிருந்து நெற்றெடுத்து நட்டும் பிள்ளைகள் சில தாயைப்போற் காய்ப்பதில்லை என்று நாஞ்சில் நாட்டு மிராசுதார்கள் குறைகூறுவதுண்டு. காரணம் பாளையினுள்ளேயே இருக்கிறது.

தென்னை ஆண், பெண் இரண்டையும் ஒருங்கே உடைய மரம். பாளையின் கதிர்களில் அடிப்புறத்தே பெண்பூக்களும், அவற்றிற்கு மேல் நெருக்கமாக ஆண்பூக்களும் உள. ஆயினும் ஈத்தாமொழி நெட்டை முதலிய நெட்டை மரங்களில், பாளை வெடித்தது முதல் ஏறக்குறைய மூன்று வாரம் ஆண்பூக்களே மலர்ந்து உதிர்கின்றன. அவை ஓய்ந்த பின்னரே பெண்பூ மகரந்தத்தை ஏற்கும் பக்குவமடைகிறது. அதுவும் சில நாட்களே. ஆகவே காற்றும் தேனீயும் பெரும்பாலும் அயல்மரத்து மகரந்தத்தையே கொணர்ந்து சேர்க்கின்றன. தாயை நாம் தெரிந்தெடுத்தோம். தந்தையோ அடுத்த விளையில் நிற்கும் காய்ப்புக் குன்றிய மரமாகவும் இருக்கலாம்!

குட்டை இனங்களில் இருவகைப் பூக்களின் பருவமும் பெரும்பாலும் ஒன்றிவருதலால் பிள்ளைகள் தாயை மிகுதியும் ஒத்திருக்கும். 1932-இல் நீலேசுவரம் பண்ணையில் ஜே. எஸ். பட்டேல் என்பார் நெட்டையின் பெண்பூவிற் குட்டையின் மகரந்தத்தைச் சேர்த்து உண்டாக்கிய கலப்புப் பிள்ளைகள் விரைவிற் காய்த்தன.

ஆதலின், நல்ல மரங்களின் நடுவே நிற்கும் நல்ல மரத்திலேயே விதைநெற்று எடுத்தல் வேண்டும். நாற்றங்காலிலும் பிந்தி முளைத்தவற்றையும் மெலிந்தவற்றையும் இரக்கமின்றிக் கழித்துவிடுக.